சுல்மா சித்தியின் அடங்காத கால்கள்

ஓமர் சித்தப்பா வீட்டைவிட்டுப் போனது ஆகஸ்ட் இருபத்தைந்தாம் தேதி, எங்கள் நாட்டுச் சுதந்திர தினத்தன்று காலையில். சின்ன அறைக் கட்டிலில் கிடந்த ஒற்றை மெத்தையைச் சுருட்டித் தன் பழைய பிக்கப் வண்டியில் போட்டார். அதன்மேல் ஒரு தலையணை, ஒரு போர்வை. சன்னலில் கொடி கட்டிக்கொண்டிருந்த எதிர்வீட்டு நிபியா கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"என்ன ஓமர், சுதந்திரம் வாங்கிட்டியா?"

"தூக்கம் வாங்கப் போறேன்."

அவர் போன இடம் அதே தெருவின் கடைசியில் இருந்த அவருடைய டயர் கடை. வண்டியை எடுக்க வேண்டிய தூரம்கூட இல்லை. மெத்தையைத் தலையில் சுமந்து போனால் நன்றாக இருக்காது என்பதற்காக வண்டி.

முந்தின இரவு எங்கள் தகுவரெம்போ நகரமே ஆடியிருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை, அந்த ஒரு ராத்திரி மட்டும், கல்யாணமாகி முடி நரைத்தவர்களெல்லாம் தாங்கள் இளைஞர்களாக இருந்தபோது கேட்ட பாட்டுகளுக்கு விடியும்வரை ஆடுவார்கள். சுல்மா சித்தியும் ஆடினாள். கால்களில் ஒரு தொந்தரவும் இல்லை. வீட்டுக்கு வந்து படுத்தபிறகுதான் வழக்கம்போலத் தொடங்கியது. அரைத்தூக்கத்தில் அவள் விட்ட உதை சித்தப்பாவின் முழங்கால் சில்லில் விழுந்தது.

"பொழுதுக்கும் ஆடினப்ப நல்லாத்தானே இருந்த கிழவி? படுத்தாத்தான் உனக்கு உதைக்கணுமா?"

"நானா உதைக்கிறேன்? காலு உதைக்குது."

"காலு யாரோடது?"

கால் சரியானதும் திரும்பி வருவதாக அவர் சொன்னார். அவளும் அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னாள். "காலு சரியானா வந்துடுவான்." தெருவில் யாரும் அதை நம்பியதாகத் தெரியவில்லை. கல்யாணமான ஆண் மெத்தையோடு வெளியே போனால் அதற்குக் கால் காரணமாக இருக்காது என்பது அவர்களுடைய எண்ணம்.

சித்திக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. பஸ் நிலையத்தில் பார்சல் கவுண்டரில் வேலை. வட்டமான பாலாடைக்கட்டிகள், மோட்டார் உதிரிபாகங்கள், கூண்டில் அடைத்த கோழிக்குஞ்சுகள், மகனுக்கு அம்மா அனுப்பும் துவைத்த துணி, எல்லாம் அவள் கை வழியாகத்தான் தலைநகர் மொந்தேவிதேயோவுக்குப் போகும். நாள் முழுக்க நின்றபடி வேலை. கவுண்டருக்குப் பின்னால் அவளுக்கென்று போட்ட உயரமான நாற்காலியில் பார்சல்தான் உட்கார்ந்திருக்கும். நிற்பதிலும் நடப்பதிலும் அவளுக்குச் சிரமமே இல்லை. இருட்டியபிறகு உட்கார்ந்தாலோ படுத்தாலோதான் கால்கள் தம் இஷ்டத்துக்குப் போகும். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பாள். அரிக்கிறதா என்றாலும் இல்லை. "எலும்புக்குள்ள யாரோ சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்த மாதிரி இருக்கும்" என்று ஒருமுறை சொன்னாள். எழுந்து நாலடி நடந்தால் நுரை அடங்கும். படுத்தால் மறுபடி பொங்கும்.

சித்தப்பா வெளியேறிய வாரமே நிபியா ஒரு துணிசோப்புக் கட்டியோடு வந்தாள். அதை விரிப்புக்கு அடியில், கால் படும் இடத்தில் வைத்துப் படுக்க வேண்டும். வாசனை சோப்பு உதவாது. பலபேருக்குக் கேட்டிருக்கிறதாம்.

"எப்படி இருந்துச்சு?" என்று மறுநாள் நிபியா கேட்டாள்.

"விரிப்பு நல்லா வெளுத்திருக்கு."

அடுத்து, வார்த்தையாலேயே நோயை வெல்கிறவர் என்று பெயரெடுத்த ஒருவரிடம் நிபியா கூட்டிப்போனாள். அவர் சித்தியின் கணுக்காலில் சிவப்பு நாடா ஒன்றைக் கட்டி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டு, தெருச் சந்திக்கு அப்பால் நாடாவைப் புதைக்கச் சொன்னார். ரோஸ்மேரி இலை ஊறிய சாராயத்தைத் தேய்த்துப் பார்த்தாள். குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். கடைசியில் நிபியா தன் ஒவ்வாமை மாத்திரை ஒன்றைக் கொடுத்தாள், குதிரையையும் தூங்கவைக்கும் என்று சொல்லி. அன்று கண் சொருகியது, கால் மட்டும் இரண்டு மடங்கு ஆடியது. அப்படிப்பட்ட மாத்திரை சிலருக்கு இந்த நோயைக் கிளறிவிடும் என்பது பின்னால்தான் தெரிந்தது.

அக்டோபரில் நான் ஊர் திரும்பினேன். ஏழு வருடம் கப்பல் சமையலறைகளிலும் அயல்நாட்டு விடுதிகளிலும் கழித்தபிறகு, கொஞ்ச நாள் ஓரிடத்தில் இருக்கலாம் என்று வந்திருந்தேன். சித்தி எனக்குச் சின்ன அறையைக் காட்டினாள். கட்டில் இருந்தது. மெத்தை இல்லை.

"மெத்தை எங்க சித்தி?"

"சித்தப்பாகிட்ட."

"சித்தப்பா எங்க?"

"டயர் கடைல." அவள் கம்பளிகளை மடித்துக் கட்டிலில் அடுக்கினாள். "எனக்குக் காலு படுக்கையில நிக்காது. உனக்கு ஒரு ஊர்ல நிக்காது. ஒரே ரத்தம்தானே, அனுசரிச்சுப் படு."

அதற்குள் அவள் நகரத்து டாக்டர் எச்செபாரேயைப் பார்த்திருந்தாள். அவர் அவள் சொன்னதை நரம்புத்தளர்ச்சி என்று ஒதுக்கவில்லை. நோய்க்குப் பெயர் இருக்கிறது என்றார். நிறையப் பேருக்கு வருவது என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் உடம்பின் இரும்பு இருப்பு அடிமட்டத்தில் இருந்தது. மூளைக்கு இரும்பு போதாவிட்டால் கால்கள் இப்படி ஆடும் என்று விளக்கினார். தினம் காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு ஒரு இரும்பு மாத்திரை.

"காப்பி குடிப்பீங்களா?"

"இல்ல டாக்டர்."

"டீ?"

"அது காய்ச்சலுக்குத்தான்."

"நல்லது" என்று எழுதிக்கொண்டாராம்.

மாத்திரையை அவள் ஒருநாளும் தவறவிடவில்லை. காலை ஆறு மணிக்குச் சமையலறைத் தொட்டி முன் நின்று, ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்குவாள். டம்ளரைக் கவிழ்த்து வைப்பதற்குள் வெளியே, அந்த நாலடி தூரத்துக்கும் சித்தப்பா எடுத்துவரும் பிக்கப் வண்டியின் சத்தம் கேட்கும். அவர் ஃபிளாஸ்க்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே வருவார். சுரைக்குடுக்கையில் மாத்தே என்ற எங்கள் ஊர்க் கசப்பு இலையை நிரப்பி, வெந்நீர் ஊற்றி, தகரக் குழாயை நட்டு, முதல் மடக்கைத் தான் உறிஞ்சிவிட்டு அவளிடம் நீட்டுவார். அவள் உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். ஃபிளாஸ்க் காலியாகும்வரை குடுக்கை இருவருக்கும் நடுவே போய்வரும். பேச்சு அதிகம் இருக்காது. மாலையில் கடையை அடைத்தபிறகும் இதே மாதிரி ஒரு சுற்று. பிறகு அவர் எழுந்து மெத்தைக்குப் போய்விடுவார்.

தினம் இரண்டு வேளை வந்து ஒரே குழாயில் உறிஞ்சுகிறவரைப் பிரிந்துபோனவர் என்று சொல்லலாமா என்பதில் தெரு கடைசிவரை ஒரு முடிவுக்கு வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன் மறுபடி ரத்தம் பார்த்தார்கள். இரும்பு கிட்டத்தட்ட அதே இடத்தில் இருந்தது. எச்செபாரே தன் மேசைமேல் இருந்த மாத்தேயை ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு, "உங்க உடம்பு இரும்ப வாங்க மாட்டேங்குது, சுல்மாம்மா" என்றார். பிறகு வேறொரு மாத்திரை எழுதினார். கை நடுங்கும் நோய்க்காரர்களுக்குக் கொடுப்பது. இவளுக்கு மிகக் குறைந்த அளவு, சாயங்காலத்தில்.

அன்றே கால்கள் அடங்கின. காலையில் சித்தி சமையலறைக்கு வந்து, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தன் கால்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள். யாரோ விட்டுப்போன பொருளைப் பார்ப்பதுபோல. ஒரு வாரம் பொறுத்துச் சித்தப்பா தன் தலையணையைக் கொண்டுவந்தார். மெத்தையைக் கொண்டுவரவில்லை.

"அதையும் எடுத்துட்டு வந்திருக்கலாமே" என்றேன், எனக்கும் அதில் அக்கறை இருந்ததால்.

"பாப்போம் புள்ள. டயர்ல ஒட்டுப் போட்டா ஒரு வாரம் ஓட்டிப் பாக்கணும்."

டிசம்பரில் தொடங்கும் எங்கள் கோடை நன்றாகப் போயிற்று. ஏப்ரலில் ஒட்டு விட்டுப்போனது. ராத்திரி வந்துகொண்டிருந்த சோடா நுரை சாயங்காலமே வந்தது, பிறகு மதியமே. கவுண்டரில் நிற்கும்போதுகூட முழங்கால் மடங்கி மடங்கி நிமிர்ந்தது. சில நாள் கைகளுக்கும் ஏறியது. டாக்டர் அளவைக் கூட்டினார். நாலு நாள் தேவலை. பிறகு முன்னைவிட மோசம். மறுபடி கூட்டினார்.

அதோடு இன்னொன்றும் நடந்தது. சித்தி அதுவரை கினியேலா என்ற லாட்டரிக் குலுக்கலில் எண் கட்டியதே இல்லை. இப்போது ஒவ்வொரு குலுக்கலுக்கும் கட்டினாள். எங்கள் ஊரில் கனவைப் பார்த்து எண் கட்டுவார்கள். ஒவ்வொரு கனவுக்கும் ஒரு எண் உண்டு. சித்திக்குத் தூக்கமே இல்லாததால் கனவும் இல்லை. அதனால் பார்சல் போட வந்தவர்களிடமெல்லாம் கனவு கேட்டாள்.

"என்ன கனவு கண்ட, சொல்லு."

"பார்சலுக்கு ரசீது குடு சுல்மா."

"கனவச் சொன்னாத்தான் ரசீது."

"எங்க மாமனார் வந்தார். செத்துப்போனவரு. ஏதோ பேசினார்."

"செத்தவன் பேசினா நாப்பத்தெட்டு. நல்ல கனவு. பார்சல நிமித்தி வை."

பஸ் நிலையத்தில் இதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். சிலர் வரும்போதே கனவோடு வந்தார்கள். சித்தப்பா வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய அப்பா சூதாடிக் குடும்பத்தை நடுத்தெருவில் விட்டவர். மே மாதத்தில் ஒருநாள் தலையணை மறுபடி டயர் கடைக்குப் போனது. இந்தமுறை கால் சரியானால் வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. காலை மாத்தேவுக்கும் மாலை மாத்தேவுக்கும் மட்டும் வழக்கம்போல வந்தார்.

"இனிமே காலு சரியானாலும் வரமாட்டான்" என்றாள் சித்தி. அதைப் பார்சலின் எடையைச் சொல்லும் குரலில் சொன்னாள்.

ஜூலையில், குளிர்காலத்தின் நடுவில், பெரிய ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு நரம்பு மருத்துவர் வந்திருந்தார், கியூபாக்காரர், யமிலே அரென்சிபியா என்று பெயர். சித்தியோடு நானும் போனேன். மேசையில் காகிதங்களைத் தவிர ஒன்றுமில்லை. டாக்டரம்மா இரண்டு கம்பளிச்சட்டை போட்டிருந்தார், அப்படியும் நடுங்கினார். முதல் கேள்வியே இதுதான்:

"இந்த மாத்திரை ஆரம்பிச்சதிலிருந்து அடக்க முடியாம எதையாவது செய்றீங்களா? சாமான் வாங்கறது, சாப்பிடறது, பந்தயம் கட்டறது?"

சித்தி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"கனவு கேக்கறேன்" என்றாள்.

விஷயத்தை விளக்கி முடிப்பதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. அது அவளுடைய குணக்கேடு இல்லை, மாத்திரையின் வேலை என்றார். கால் ஆட்டம் மதியத்துக்கு முன்னேறியதும் அதே மாத்திரையால்தான். முதலில் அடக்கும், நாள்பட்டால் சிலருக்கு அதுவே தூண்டிவிடும், அளவைக் கூட்டக் கூட்ட மோசமாகும். படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும். நிறுத்தும் வாரங்கள் கொடுமையாக இருக்கும். தானாக ஒரேயடியாக நிறுத்திவிடக் கூடாது. அதன் இடத்தில், நரம்புவலிக்குக் கொடுக்கும் ஒரு கேப்ஸ்யூல் சாயங்காலத்தில். தலை கிறுகிறுக்கலாம், எடை போடலாம்.

"சரி, இரும்பு? மூணு மாசம் சாப்பிட்டும் ஏறலையே. எதோட சாப்பிட்டீங்க?"

"தண்ணியோடதான். டாக்டர் சொன்னபடி."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் ஒண்ணுமில்ல. வேலைக்குப் போவேன்."

டாக்டரம்மா சித்தியின் அக்குளைக் காட்டினார். "அது என்ன?"

"ஃபிளாஸ்க்."

"உள்ள?"

"வெந்நி. மாத்தேக்கு."

"மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழிச்சு மாத்தே?"

"எவ்வளவு நேரமா? அவன் வண்டி வந்து நிக்கற நேரம்தான்."

"மாத்தே குடிப்பீங்களான்னு உங்ககிட்ட யாருமே கேக்கலையா?"

"காப்பி குடிப்பியான்னு கேட்டாரு. டீ குடிப்பியான்னு கேட்டாரு." சித்திக்கு உண்மையாகவே புரியவில்லை. "மாத்தே குடிக்கிறதுல சேர்த்தியா டாக்டரம்மா? மூச்சு விடறியான்னு கேப்பாங்களா?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். அந்த இலைச் சாறு இரும்பை வயிற்றிலேயே பிடித்துக்கொள்ளும், உடம்புக்குள் போகவிடாது என்றார். மூன்று மாதமும் அவள் விழுங்கிய இரும்பை அடுத்த நிமிடமே வெந்நீர் ஊற்றிக் கழுவியிருக்கிறாள். அதுபோக, மாத்தேயில் காப்பியில் உள்ள சரக்கேதான் இருக்கிறது. சாயங்காலம் குடித்தால் கால்களை இன்னும் கிளப்பிவிடும்.

இருப்பு அவ்வளவு கீழே இருந்ததால் முதலில் ரத்தக்குழாய் வழியாக இரும்பு ஏற்றுவது என்று முடிவாயிற்று. பிறகு மாத்திரை, ஆனால் படுக்கப்போகும் முன், ஒருநாள் விட்டு ஒருநாள். காலையில் மாத்தே குடிக்கலாம். மதியத்துக்குமேல் கூடாது. சாயங்காலம் நடக்கலாம்.

"குணமாயிடுமா?" என்றாள் சித்தி.

"குணமாகும்னு சொல்லமாட்டேன். அடங்கும். சில நாள் திரும்பி வரும்."

சித்தியும் நானும் பஸ்ஸில் திரும்பினோம். நடுவழியில் ஒருதடவை எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ராத்திரி உதைக்கறேன்னு படுக்கையிலேருந்து போனான்" என்றாள் அங்கிருந்தே. "சாயங்காலம் மாத்தே வேணாம்னா சமையலறைலேருந்தும் போயிடுவான். அப்புறம் காலு அடங்கி என்ன பண்ண?"

அன்று மாலை சித்தப்பா நீட்டிய குடுக்கையை அவள் வாங்கவில்லை. டாக்டர் சொன்னதைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். குடுக்கையைத் தானே உறிஞ்சினார். மறுபடி ஊற்றி, பழக்கதோஷத்தில் மறுபடி நீட்டினார், பிறகு கையை இழுத்துக்கொண்டார். பேசுவதற்கு ஒன்றும் இல்லாத இருவர் நடுவில் கைமாற ஒரு பொருளும் இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்பதை அன்று பார்த்தேன். ஃபிளாஸ்க் பாதி இருக்கும்போதே அவர் எழுந்துவிட்டார். மறுநாள் மாலையும் வந்தார். அதற்கடுத்த நாளிலிருந்து காலையில் மட்டும் வந்தார்.

மாத்திரையைக் குறைத்த வாரங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டாக்டரம்மா சொன்னபடியே இருந்தன. சித்தி வீட்டுக்குள் நடந்து நடந்து கூடத்துக் கம்பளத்தில் ஒரு தடம் விழுந்தது. ஒரு மத்தியானம் வேலைக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள், பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு பாலாடைக்கட்டிப் பார்சலுக்கு முத்திரை குத்தினாள். கனவு கேட்பது மெல்ல மெல்ல நின்றது. பழக்கத்தில் ஒருவன் தன் கனவைச் சொல்லத் தொடங்கியபோது, "அத உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு" என்றாள்.

இரும்பு ஏற்றியது செப்டம்பர் தொடக்கத்தில். அதன்பிறகு சாயங்காலங்களில் நடக்கப் போனாள். நடப்பதற்கு ஊரில் எத்தனையோ தெரு இருந்தது. அவள் எங்கள் தெருவில்தான் நடந்தாள், கோடியில் இருந்த டயர் கடைவரை போய்த் திரும்புவாள், மறுபடி போவாள். கடை வாசலில் சித்தப்பா ஒரு டயர்மேல் உட்கார்ந்து தனியாக மாத்தே குடித்துக்கொண்டிருப்பார்.

"இது எத்தனாவது தடவ கிழவி?"

"டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காங்க."

"என் கடையச் சுத்தி நடக்கச் சொன்னாங்களா?"

"ரோடு இங்கதான் முடியுது. நான் போட்ட ரோடா?"

சில நாள் கழித்து அவர் எழுந்து கூட நடந்தார். ஃபிளாஸ்க் அக்குளில், குடுக்கை கையில், நடந்துகொண்டே அவர் மட்டும் உறிஞ்சினார். அவள் கையை வீசி நடந்தாள். நிபியா சன்னலைத் திறந்தாள்.

"என்ன, ரெண்டு பேரும் புதுசா காதலிக்கறீங்களா?"

"பஞ்சர் பாக்கறோம்" என்றார் சித்தப்பா.

இருட்டியதும் அவர் கடைக்குள் போய்க் கதவை இழுத்துக்கொண்டார். சித்தி தனியாகத் திரும்பி வந்தாள். அப்போது அவள் வாரத்தில் பாதி நாள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அது அவருக்கும் தெரியும். தினமும் காலையில் முகத்தைப் பார்க்கிறவர். அவளும் வா என்று சொல்லவில்லை, அவரும் வரட்டுமா என்று கேட்கவில்லை.

நவம்பரில் எனக்கு மறுபடி கப்பல் வேலை கிடைத்தது. சித்தி பஸ் நிலையத்தில் என் பையைப் பார்சல்களோடு எடைபோட்டுப் பார்த்துவிட்டு ஏற்றிவிட்டாள். "போ. காலு நிக்காதவங்கள நிக்கச் சொல்லி பிரயோஜனமில்ல" என்றாள்.

அடுத்த வருடம் கார்னிவல் திருவிழா எல்லாம் முடிந்து வெகுநாளைக்குப் பிறகு, வேறொரு கடலில் இருந்தபோது, கைப்பேசிக்கு அவளுடைய செய்தி வந்தது. அவள் எப்போதும் பேசித்தான் அனுப்புவாள். இதை எழுதியிருந்தாள், பக்கத்தில் யாரோ தூங்கிக்கொண்டிருந்ததுபோல.

"காலு மாசத்துல நாலஞ்சு நாள் ஆடுது. மத்த நாள் பரவால்ல. கிழவன் குறட்டை விடறான், அதுக்கு ஏதாச்சும் மாத்திரை இருக்கான்னு டாக்டரம்மாகிட்ட கேக்கணும். உன் மெத்தை திரும்பி வந்துடுச்சு. ஒரே ரப்பர் நாத்தம். வெயில்ல போட்டிருக்கேன்."